பெட்டி வாரியம்

உத்திரமேரூருக்குச் செல்கிறவர்கள் கல்வெட்டைப் பார்க்கத்தான் செல்வது வழக்கம். நாமும் அந்த உத்தேசத்துடனேயே, தை பிறந்து பனி சற்றுக் குறைந்த ஒரு நாள் காலையில் காஞ்சிபுரத்தில் பஸ் ஏறினோம். பாலாற்றைக் கடந்து, வயல்களையும் தண்ணீர் ததும்பும் ஏரிகளையும் பார்த்துக்கொண்டே போய் இறங்கினோம்.

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களில், கி.பி. 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும், முதலாம் பராந்தக சோழனுடைய காலத்தில் பொறித்த எழுத்துக்கள் இன்றும் இருக்கின்றன. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு அங்கத்தினர்களைக் குடவோலை மூலம் எப்படித் தேர்ந்தெடுப்பது, யாருக்கு அந்த யோக்கியதை உண்டு, யாருக்கு இல்லை என்பதெல்லாம் அங்கே விவரமாகச் சொல்லியிருக்கிறது. வயது 35-க்கு மேலும் 70-க்குள்ளும் இருக்கவேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவருக்கும், அவருடைய உறவினருக்கும் இடமே கிடையாது. சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று ஒவ்வொரு காரியத்துக்கும் ஒவ்வொரு வாரியம்.

ஏரி வாரியத்தை நினைக்க நினைக்க நமக்கு ஆச்சரியமாயிருந்தது. ஏரியை வெட்டுவது ஒரு தடவை. அதைக் காப்பதோ ஆண்டுதோறும். கரையைப் பார்க்கவேண்டும், மதகைப் பார்க்கவேண்டும், தூர் எடுக்கவேண்டும். "ஏரிக்கு என்ன, அது பாட்டுக்கு இருக்கும்" என்று விட்டுவிட்டால் ஒரு மழைக்காலத்தில் கரை உடைந்து போகும். ஒரு பொருளைப் பெறுவதைக் காட்டிலும் பேணுவதே பெரிய காரியம் என்பதை இவ்வூர்ப் பெரியவர்கள் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள்.

இவ்வளவு பெரிய உண்மையைக் கல்லிலே படித்துவிட்டு, தெரிந்த குடும்பம் ஒன்றில் காப்பி சாப்பிடப் போனோம். அங்கே அதே உண்மையைப் பட்டிலே படிக்க நேர்ந்தது.

இரண்டு புடவைகள்

அந்த வீட்டில் இரண்டு மூதாட்டிகள் இருக்கிறார்கள். அண்ணன் தம்பி இருவருக்கு வாழ்க்கைப்பட்டு ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள். கலியாணம் ஒரே பந்தலில், ஒரே முகூர்த்தத்தில் நடந்தது. மாமனார் காஞ்சிபுரத்துக்குப் போய், ஒரே தறியில் நெய்த இரண்டு அரக்குப் புடவைகளை வாங்கி வந்தாராம். மயில்கண் கரை, அகலமான சரிகை முந்தானை. இது நடந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது.

நாம் போன சமயம் வீட்டில் சிறிது பரபரப்பாயிருந்தது. பேத்திக்கு நிச்சயதார்த்தம் வரப்போகிறது. "பாட்டி, உங்கள் கலியாணப் புடவையைத்தான் கட்டிக்கொள்வேன்" என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள். மூத்த பாட்டிக்கு உச்சி குளிர்ந்து போயிற்று. தம்முடைய மரப்பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து புடவையை எடுத்தார். கலியாணத்தன்று கட்டியது, பிறகு இரண்டோ மூன்றோ தடவைதான் வெளியே வந்தது. "கட்டினால் கெட்டுப்போகும்" என்று பூட்டி வைத்திருந்தார். புது மெருகு போகாமல் மினுமினுவென்று இருந்தது.

பேத்தி ஆசையோடு இரண்டு கையாலும் பிடித்து உதறினாள். "சர்" என்று ஒரு சத்தம். மடிப்பு இருந்த இடமெல்லாம் பட்டு வரிசையாக விட்டுப்போயிருந்தது. அறுபது வருஷம் ஒரே மடிப்பில் கிடந்த புடவை, மடித்த கடுதாசி கிழிவதைப் போலக் கிழிந்துவிட்டது. யாரும் பேசவில்லை. மூத்த பாட்டி பக்கத்திலிருந்த தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இளைய பாட்டி சந்தடியின்றி உள்ளே போய்த் தம்முடையதை எடுத்து வந்தார். ஆடிப் பதினெட்டு, நவராத்திரி, பொங்கல், உறவு முறைக் கலியாணங்கள் என்று எத்தனையோ தடவை கட்டிக் களைந்த புடவை அது. கரையோரம் சற்றுத் தேய்ந்திருந்தது. ஒரு மூலையில் பழைய எண்ணெய்க் கறை. ஆனால் உதறினால் காற்றில் படகின் பாயைப் போல விரிந்தது. ஓர் இழை விடவில்லை.

"நான் என்ன செய்தேன் அக்கா? கட்டினேன், ஆற்றினேன், மாற்றி மடித்தேன். அவ்வளவுதான்" என்றார் அவர், குற்றம் செய்துவிட்டவரைப் போல.

இந்தச் சமயத்தில்தான் தெருவிலே ஒரு குரல் கேட்டது: "பழைய பட்டுப் புடவை வாங்குகிறது! சரிகைப் புடவை வாங்குகிறது!" சரிகையில் உள்ள வெள்ளிக்காகப் பழம் புடவைகளை எடைபோட்டு வாங்குகிறவர். துணியை எரித்து வெள்ளியைப் பிரித்தெடுத்துக்கொள்வார்கள். மூத்த பாட்டி அந்தக் குரலைக் கேட்டார். பிறகு மடியில் கிடந்த புடவையைப் பார்த்தார். "கூப்பிடடி அவரை" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கட்டுரையின் கடைசியில் சொல்கிறோம். அதற்குள், ஒரே தறியில் பிறந்த இரண்டு புடவைகளுக்கு இப்படி இரண்டு விதமான கதி ஏன் வந்தது என்பதைப் பார்ப்போம். நம் வீடுகளில் எத்தனை பெட்டிகளில் எத்தனை புடவைகள் இதே நிலையில் கிடக்கின்றனவோ, யார் கண்டார்கள்?

பட்டு விட்டுப்போவது ஏன்?

பட்டு என்பது பூச்சி தன் வாயால் நூற்ற நூல். ஒரு கூட்டிலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் நீளமுள்ள ஒரே இழை கிடைக்கும். நம் தலைமயிரும் நகமும் எப்படிப் புரதத்தால் ஆனவையோ, அப்படியே பட்டும் புரதத்தால் ஆனது. ஆகையால் மயிருக்கு ஆகாதது பட்டுக்கும் ஆகாது. கடுங்காரமுள்ள சவுக்காரம் அதை அரிக்கும். உச்சிவெயில் அதை வெளிறச் செய்து வலுவிழக்க வைக்கும். வியர்வையின் உப்பு நாளடைவில் இழையைத் தின்னும். புரதத்தை உணவாகக் கொள்ளும் பூச்சிகளின் புழுக்களும் அதைத் தேடி வரும்.

சரிகையின் சங்கதி வேறு. அசல் சரிகையின் நடுவே ஒரு சிவப்புப் பட்டு நூல் உண்டு. அதன்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குப் பொன் முலாம் கொடுக்கிறார்கள். நெசவுக்கு வரும் சரிகையில் பெரும்பகுதி குஜராத்திலுள்ள சூரத்திலிருந்து வருகிறது. பட்டு நூல் முக்கியமாகக் கர்நாடகத்திலிருந்து வருகிறது. இவை இரண்டும் காஞ்சிபுரத்துத் தறியில் வந்து சேருகின்றன. உடலை ஒரு நிறத்திலும் கரையை வேறு நிறத்திலும் நெய்து, நெய்யும்போதே இரண்டையும் பின்னிக் கோத்துவிடுவது "கோர்வை" எனப்படும். இதற்கு மூன்று நாடாக்களும், பெரும்பாலும் இரண்டு ஆட்களும் வேண்டும். முந்தானையின் வேறு நிறப் பாவை உடலின் பாவோடு இழைக்கு இழை இணைக்கும் வித்தைக்குப் "பெட்னி" என்று பெயர். ஒரு புடவை முடியப் பத்து நாளும் ஆகலாம். வேலைப்பாடு மிகுந்தால் பல வாரங்களும் ஆகலாம்.

இப்பொழுது மடிப்பின் சங்கதிக்கு வருவோம். பட்டு இழை மெல்லியது, சரிகையோ உலோகம். இரண்டையும் சேர்த்து மடித்து, மேலே பத்துப் புடவைகளின் பாரத்தை ஏற்றி, ஆண்டுக்கணக்கில் அசையாமல் வைத்தால் என்ன ஆகும்? மடிப்பிலே உலோகம் முறிகிறது. முறிந்த விளிம்பு பக்கத்திலுள்ள பட்டை அறுக்கிறது. பெட்டிக்குள் காற்றில்லாமல் ஈரம் தங்கினால் பூஞ்சணமும் சேர்ந்துகொள்கிறது. வெளிப்பார்வைக்குப் புடவை புதிது, மடிப்பிலோ பழம்பஞ்சு.

இளைய பாட்டியின் புடவை ஏன் பிழைத்தது என்பதும் இப்போது விளங்கும். ஒவ்வொரு தடவை கட்டியபோதும் அதன் பழைய மடிப்பு கலைந்தது, காற்றுப் பட்டது, திரும்பி வந்தபோது வேறிடத்தில் மடிப்பு விழுந்தது. கட்டியதால் தேய்ந்தது கொஞ்சம். கட்டியதால் பிழைத்தது அதிகம்.

வாரியத்தின் சட்டதிட்டங்கள்

ஏரிக்கு ஒரு வாரியம் உண்டானால், புடவைப் பெட்டிக்கும் ஒரு வாரியம் ஏன் இருக்கக்கூடாது? வீட்டுக்கு வீடு ஒரு "பெட்டி வாரியம்" ஸ்தாபிக்கவேண்டுமென்பது நம் பிரேரணை. அந்தக் காலத்துச் சபையில் பெண்களுக்கு இடமில்லை. 70 வயதைத் தாண்டியவர்களுக்கும் இல்லை. நம் வாரியத்தில் பாட்டிமார்களே தலைமை வகிப்பார்கள். ஆனால் ஆண்பிள்ளைகளுக்கு விலக்குக் கிடையாது. எட்டு முழ வேஷ்டிக்கும் சரிகைக் கரை உண்டல்லவா? பெட்டியை மூன்று ஆண்டு திறக்காமல் இருந்தவர், கணக்குக் காட்டாதவருக்குச் சமானம். அவருக்கு அடுத்த புடவை எடுப்பதில் வாக்குரிமை இல்லை.

முதற் சட்டம், கட்டிக் களைந்தவுடன் மடிக்கக்கூடாது என்பது. உடம்பின் சூடும் வியர்வையும் அடங்கும் வரையில், வெயில் படாத இடத்தில், கொடியின்மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு அதன்மேல் புடவையை ஓர் இரவு ஆற்றவேண்டும். இரும்புக் கம்பியிலோ சாயம் போன கயிற்றிலோ நேராகப் போட்டால் கறை ஏறும்.

இரண்டாவது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு புடவையையும் விரித்து, முன்பு மடிப்பு விழுந்த இடத்தில் இப்போது விழாதபடி மாற்றி மடிக்கவேண்டும். முந்தானைச் சரிகையை வெளிப்புறமாக வைக்காமல் உட்புறமாகத் திருப்பி மடிப்பது நல்லது; உராய்வு குறையும். கனத்த புடவைகளைப் பெட்டியின் அடியிலும் லேசானவற்றை மேலேயும் வைக்கவேண்டும். சரிகை மிகுந்த புடவையைக் கம்பி மாட்டியில் ஆண்டுக்கணக்கில் தொங்கவிட்டால், தன் பாரத்தைத் தானே தாங்காமல் அது தொய்ந்துபோகும்.

மூன்றாவது, சுற்றி வைக்கும் துணியைப் பற்றியது. இதற்குப் பழைய மல் வேஷ்டிக்கு ஈடானது வேறில்லை. நன்றாகத் துவைத்து, கஞ்சி போடாமல் உலர்த்தியதாக இருக்கவேண்டும். கஞ்சியின் வாசனைக்குப் பூச்சி வரும். பிளாஸ்டிக் உறை பார்வைக்குப் பாந்தமாயிருந்தாலும் ஈரத்தை வெளியே விடாது. பத்திரிகைத் தாளில் சுற்றினால் மை ஒட்டும். (நம் பத்திரிகையைச் சேர்த்துத்தான் சொல்கிறோம். படித்த பிறகு அதை வேறு காரியங்களுக்கு உபயோகிக்கலாம்.) ரப்பர் வளையம் போட்டுக் கட்டவே கூடாது. ரப்பரில் கந்தகம் இருக்கிறது. கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். பாத்திரக்கடை வெள்ளிக் கும்பா கறுப்பதற்கும் சரிகை கறுப்பதற்கும் காரணம் ஒன்றே.

நான்காவது, பூச்சியைப் பற்றியது. பாச்சை உருண்டையைச் சரிகையின்மேல் படும்படி வைத்தால் சரிகையின் நிறம் மாறும். வசம்புத் துண்டு, காய்ந்த வேப்பிலை, கிராம்பு ஆகியவற்றைச் சிறு மூட்டையாகக் கட்டிப் பெட்டியின் மூலைகளில் வைப்பது நம் வீடுகளின் பழைய வழக்கம். இவையும் நேராகத் துணியில் படக்கூடாது. ஆனால் எந்த மூட்டையும், மூன்று மாதத்துக்கொரு முறை பெட்டியைத் திறந்து பார்க்கும் கண்ணுக்கு ஈடாகாது. திறக்காத பெட்டிதான் பூச்சிக்குச் சொர்க்கம்.

இதற்கெல்லாம் நாள் எது என்று கேட்கலாம். ஐப்பசி கார்த்திகை மழை முடிந்து, காற்றில் ஈரம் வற்றிய தை மாதம் மிகவும் உத்தமம். மற்ற மூன்று தடவைகளை அவரவர் வீட்டுப் பண்டிகைகளை ஒட்டி வைத்துக்கொள்ளலாம். பண்டிகைக்குப் புடவை எடுக்கத்தான் போகிறோம். எடுக்கும்போது ஒன்றை மட்டும் உருவாமல் எல்லாவற்றையும் எடுத்துவிடுவது, அவ்வளவுதான்.

கறையும் கைப்பக்குவமும்

கலியாணப் பந்தியில் சாம்பார் தெறிப்பது பழங்காலந்தொட்டு நிகழும் சம்பவம். உடனே நாலு பேர் நாலு யோசனை சொல்வார்கள். நனைந்த கைக்குட்டையால் பரபரவென்று தேய்ப்பதே அவற்றில் மிகவும் அபாயகரமானது. தேய்த்தால் பட்டின் மேலிழை பிய்ந்து, கறை போனாலும் அவ்விடம் மங்கலாகத் தங்கிவிடும். உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்கவேண்டும். எண்ணெயானால் முகத்துக்குப் பூசும் பவுடரைத் தூவி, அது எண்ணெயை உறிஞ்சிய பிறகு தட்டிவிடலாம். பிறகு பட்டு வெளுக்கத் தெரிந்தவரிடம், இன்ன கறை என்று சொல்லிக் கொடுக்கவேண்டும். பால், தயிர், ஐஸ் கிரீம் முதலியவற்றுக்கு வெந்நீர் கூடாது. சூடு பட்டால் பாலின் புரதம் உறைந்து இழையோடு ஒட்டிக்கொள்ளும்.

மஞ்சள் கறையின் கதை வேடிக்கையானது. வெள்ளை வேஷ்டியில் மஞ்சள் பட்ட இடத்தில் சவுக்காரம் போட்டால், அது ரத்தச் சிவப்பாக மாறுவதைக் கண்டு பலர் கலங்கியிருப்பார்கள். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து குங்குமம் ஆவது இந்த ரகசியத்தினால்தான். பருத்தித் துணியை நன்றாக அலசிவிட்டு, ஈரத்தோடு வெயிலில் விரித்தால் போதும். மஞ்சளின் நிறம் வெயிலுக்கு நிற்காது. இரண்டு மூன்று வெயிலில் தானே மறையும். பட்டுக்கு மட்டும் இந்த வைத்தியம் உதவாது. வெயில் கறையோடு பட்டையும் எடுத்துக்கொள்ளும்.

சரிகையில்லாத சாதாரணப் பட்டை வீட்டில் அலசவேண்டுமானால் பூந்திக்கொட்டைதான் சிலாக்கியம். கொட்டையை நீக்கி, தோலை ஊறவைத்துக் கசக்கினால் வரும் நுரையில் சவுக்காரத்தின் கடுங்காரம் இல்லை. தண்ணீர் குளிர்ந்திருக்கட்டும், முறுக்கிப் பிழியவேண்டாம், நிழலில் உலர்த்தவேண்டும். சாயம் நிற்குமா என்று உள்முனையில் ஓரங்குலம் நனைத்து, வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம். இஸ்திரி போடும்போது உட்புறத்தைத் திருப்பி, மேலே ஒரு பருத்தித் துணியை விரித்து, மிதமான சூட்டில் போடவேண்டும்.

பருத்தியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. வடித்த கஞ்சியை நீர்க்கக் கரைத்துப் போட்டு விறைப்பாக உலர்த்திய கைத்தறிச் சேலைக்கு உள்ள மிடுக்கு வேறெந்தத் துணிக்கும் வராது. ஆனால் நாளைக்கு உடுத்தத்தான் கஞ்சி. பெட்டியில் வைக்க அல்ல. வெள்ளைத் துணிக்கு நீலம் போடுவதும் ஒரு கண்கட்டு வித்தைதான். பழகிய வெள்ளையில் ஏறும் மஞ்சள் சாயலை அந்த இம்மியளவு நீலம் ஈடுகட்டி, புது வெள்ளையாகத் தோன்றச் செய்கிறது. அளவு மீறினால் வேஷ்டி வானமாகிவிடும்.

சின்னஞ்சிறு சந்தோஷங்கள்

புடவையோடு போவது நகை. தட்டார்கள் நெடுங்காலமாகப் பொன்னுக்கு மெருகேற்றுவதும் இதே பூந்திக்கொட்டையால்தான். ஆனால் கெம்பு அட்டிகை போன்ற கல் நகைகளில் பலவற்றுக்கு உள்ளே அரக்கு வைத்திருக்கும். அவற்றை வெந்நீரில் ஊறப்போட்டால் அரக்கு இளகிக் கல் உதிரும். மெல்லிய துணியால் துடைத்தாலே போதும். முத்துக்குப் புளியும் எலுமிச்சையும் பரம விரோதிகள். முத்து சுண்ணாம்புச் சத்தால் ஆனது, புளிப்பில் கரையும். அலங்காரத்தில் முத்தைக் கடைசியாக அணிந்து, முதலில் கழற்றவேண்டும் என்பது நல்ல விதி. வாசனைத் தைலம் பூசுவதானாலும் முதலில் பூசி, அது உலர்ந்த பின்னரே நகையும் பட்டும் அணியவேண்டும். சரிகையின்மேல் தைலம் பட்டால் கறுக்கும்.

மருதாணியை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்திலிருந்து பறித்த இலையைக் கொட்டைப்பாக்கும் சிறிது புளியும் சேர்த்து அரைத்து, இரவில் வைத்து, விடியற்காலையில் கையைக் கழுவிப் பார்ப்பதில் உள்ள ஆவல் எந்த வயதிலும் குறைவதில்லை. "உனக்கு எப்படிச் சிவந்திருக்கிறது, காட்டு" என்று கேட்காத சகோதரிகள் உண்டா? மருதாணியின் சாயம் நகத்தையும் தோலையும் பற்றுவது அவை புரதமாயிருப்பதால்தான். பட்டும் புரதமே. ஆகவே மருதாணி ஈரம் பட்டுப் புடவையில் பட்டால், அந்தக் கறை புடவை உள்ளளவும் நிற்கும். கடைகளில் "கறுப்பு மருதாணி" என்று விற்பவை சிலவற்றில் தலைமயிர்ச் சாயத்துக்கான ரசாயனம் கலந்திருப்பதுண்டு. அது குழந்தைகளின் தோலைக் கொப்புளிக்கச் செய்யும். அரைத்த இலை கறுப்பாய் வராது, சிவப்பாய்த்தான் வரும்.

பெட்டியைத் திறந்தவுடன் குப்பென்று எழும் மணமும் ஒரு சந்தோஷமல்லவா? அதற்காகச் சிலர் வெட்டிவேர்ப் பின்னலை வைப்பார்கள். சிலர் உலர்ந்த தாழம்பூ மடலைத் துணியில் சுற்றி வைப்பார்கள். அந்த மணத்தை ஒருமுறை நுகர்ந்த குழந்தை, ஐம்பது வருஷம் கழித்து எங்கே தாழம்பூவைக் கண்டாலும் பாட்டியின் பெட்டியை நினைத்துக்கொள்ளும். இதற்கெல்லாம் பெரிய செலவு கிடையாது.

நெசவாளர் கதி என்ன?

இந்த இடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபம் எழலாம். "எல்லாரும் பழம் புடவையையே பேணிப் பேணிக் கட்டிக்கொண்டிருந்தால், புதுப் புடவை யார் வாங்குவது? நெசவாளர் பிழைப்பது எப்படி?" என்று கேட்கலாம்.

கேள்வி லேசானதல்ல. காஞ்சிபுரத்தையும் சுற்றுப்புறக் கிராமங்களையும் சேர்ந்த நெசவுக் குடும்பங்களில், தந்தை தறியில் இருக்க, பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் உள்ள தொழிற்சாலைகளுக்குப் போவதை நாம் காண்கிறோம். குழித்தறியில் நாளெல்லாம் உட்கார்ந்து பெறும் கூலியைவிட அங்கே மாதச் சம்பளம் நிச்சயம். அவர்களைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை?

1905-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ந் தேதி கல்கத்தா நகர மண்டபத்தில் சுதேசி இயக்கம் பிரகடனம் செய்யப்பட்டது. அந்த நாளின் நினைவாகவே 2015 முதல் ஆண்டுதோறும் ஆகஸ்டு 7 தேசியக் கைத்தறி தினமாகக் கொண்டாடப்படுகிறது. சில வகைச் சேலைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-ல் ஒரு சட்டமும் இயற்றப்பட்டது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இவையெல்லாம் இருந்தும், விசைத்தறியில் நெய்த போலிகள் காஞ்சிப் பட்டு என்ற பெயரில் கடைகளில் தொங்குகின்றன. அவற்றின் சரிகையைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் இராது. பட்டு முத்திரை, பட்டு அசல் என்பதற்கு அத்தாட்சி. அது கைத்தறி என்பதற்குக் கைத்தறி முத்திரையை வேறாகப் பார்க்கவேண்டும்.

நெசவாளருக்குப் போட்டி நம் பாட்டியின் பழம் புடவை அல்ல. இரண்டு வருஷத்தில் பல்லிளிக்கும் போலிப் புடவைதான் போட்டி. அறுபது வருஷம் நின்ற புடவையைக் கையால் தொட்டுப் பார்த்த பெண்ணுக்கு, போலியைக் கண்டவுடனே விரல் சொல்லிவிடும். தனக்கென்று ஒன்று வாங்கும் காலம் வரும்போது அவள் தறியைத் தேடித்தான் போவாள். பெட்டியில் கிழிந்துபோன புடவையைக் கண்டவளோ, "பட்டெல்லாம் இப்படித்தான், மலிவாக எதையாவது வாங்கிக்கொள்வோம்" என்று தீர்மானித்துவிடுவாள். ஆகவே பழையதைப் பேணுவதும் புதியதை நல்லதாக வாங்குவதும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல. பத்துப் புடவைகளை வாங்கிப் பூட்டி வைப்பதைக் காட்டிலும், அசலாக மூன்று வாங்கி ஆசைதீரக் கட்டுவது நமக்கும் நல்லது, நெய்தவருக்கும் பெருமை. இரண்டு பேர் தறியில் உட்கார்ந்து கோத்த கோர்வை, பெட்டியின் இருட்டில் கிடப்பதற்காகக் கோத்ததல்ல.

மூத்த பாட்டியின் தீர்ப்பு

தெருவில் நின்றவர் திண்ணைக்கு வந்தார். புடவையைக் கையில் வாங்கி, முந்தானை ஓரத்தில் நகத்தால் சரிகையைச் சுரண்டிப் பார்த்தார். "அசல் சரிகை அம்மா, இந்தக் காலத்தில் வராது" என்று சொல்லிவிட்டுத் தராசை எடுத்தார். சொன்ன தொகை அற்பமானதல்ல.

பாட்டி தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எரித்துவிடுவீர்கள் அல்லவா?" என்று கேட்டார்.

"ஆமாம் அம்மா, எரித்தால்தானே வெள்ளி பிரியும்?" என்றார் அந்த மனிதர். ஒளிவு மறைவில்லாத பேர்வழி.

பாட்டி எழுந்து புடவையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "வீண் அலைச்சல் கொடுத்துவிட்டேன், மன்னிக்கவேண்டும். ஒரு டம்ளர் மோர் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்" என்றார்.

பிறகு அந்தக் குடும்பத்தின் பெட்டி வாரியம் கூடத்தில் கூடியது. உடல் பாகம் ஒன்றுக்கும் உதவாது என்று தெரிந்தது. மயில்கண் கரை மட்டும், மடிப்பு விழுந்த இடங்கள் நீங்கலாக, நன்றாக இருந்தது. அதை வெட்டி, பருத்தித் துணியை அடிக்கொடுத்துத் தைத்து, கொள்ளுப்பேத்தியின் பாவாடைக்குக் கரையாக வைப்பது என்று முடிவாயிற்று. நிச்சயதார்த்தத்துக்குப் பேத்தி கட்டப்போவது இளைய பாட்டியின் புடவையை. எண்ணெய்க் கறை கொசுவத்துக்குள் மறைந்துவிடுமாம்.

நாம் விடைபெற எழுந்தபோது மூத்த பாட்டி மறுபடியும் பெட்டியண்டை உட்கார்ந்திருந்தார். அதில் இன்னும் நாலு புடவைகள் இருந்தன. ஒவ்வொன்றையும் மெல்ல விரித்து, கொடியில் வெள்ளைத் துணியின்மேல் போட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக இருந்த கத்தரிப்பூ நிறப் புடவையைத் தனியாக எடுத்து வைத்தார்.

"அது எதற்கு அக்கா?" என்று கேட்டார் ஓரகத்தி.

"சாயங்காலம் கோயிலுக்குப் போகலாமென்று. கட்டிக்கொள்ளத்தான்."

நேயர்களே! உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து எவ்வளவு காலமாயிற்று? வருகிற ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை வைத்துக்கொள்ள வேண்டாம்.